இரண்டு அண்டா தவுக்குவா சம்பால்

நேற்றுத் தைப்பூசம். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் சம்பால் வாடை போகவில்லை. காய்ந்த மிளகாயும் வெங்காயமும் எண்ணெயில் வதங்கிய வாடை, அதற்கடியில் பொரித்த சோயாக் கட்டியின் மெல்லிய பச்சை வாடை. சோயாக் கட்டி என்று இங்கே யார் சொல்கிறார்கள், தவுக்குவாதான். விரல் நுனியை மூக்கருகே கொண்டுபோனால், நீ பக்கத்தில் நின்று "தலைவி, உப்பு பாத்தியா?" என்று கேட்பது போலவே இருக்கிறது. என்னைத் தலைவி என்று கூப்பிட்டது நீ ஒருத்திதான். பக்தர்களுக்குச் சாப்பாடு போடும் நம் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் சமையல் பொறுப்பு என்னிடம் வந்த வருஷம் கிண்டலுக்கு ஆரம்பித்தாய். பிறகு அதுவே என் பெயராகிவிட்டது.

உனக்கு எழுத வேண்டும் என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை, வெட்கம். நேற்றோடு அது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மூன்று நாளுக்கு முன்னால் ஆயர் ஈத்தாம் பசாருக்குப் போனேன். நீ வழக்கமாக வாங்குகிற அந்தச் சீனப் பெண்மணியிடம்தான். ஒரு பெரிய ஆர்டர் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கவான் மானா?" என்று கேட்டாள். உன் கூட்டாளி எங்கே என்கிறாள். எனக்குத் தெரிந்த மலாயில் "சுடா தாடா" என்றேன், இப்போது இல்லை என்று. அவள் கட்டிய பொட்டலத்தைத் திரும்பப் பிரித்து இன்னும் ஐந்து கட்டிகளை வைத்துக் கட்டினாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

நம் அடுக்குமாடியில் உனக்கு ஏழாம் மாடி, எனக்கு ஆறாம் மாடி. நான் துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. நீ தினமும் ஃபெர்ரி பிடித்து அக்கரைக்குப் போய், கெப்பாலா பத்தாஸ் தாண்டி வயல்களுக்கு நடுவே இருந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர் வேலை பார்த்தாய். சாயங்காலம் லிஃப்டில் ஏறும்போது என் பையில் பசார் காய்கறி இருக்கும், உன் பையில் நெற்கதிர் இருக்கும். ஒரு தடவை லிஃப்ட் நடுவில் நின்றுபோய் இருவரும் உள்ளே மாட்டிக்கொண்டோமே, அப்போது இரண்டு கதிர்களை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாய். "இது குலை நோய்ல செத்தது. இது அதோட தங்கச்சி, அதே வயல்தான், ஒண்ணுமே ஆகல. ஏன்னு தெரியுமா?" நான் லிஃப்ட் எப்போது திறக்கும் என்று கவலையில் இருந்தேன். நீ மரபணுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய்.

உங்கள் நிலையத்தில் பூட்டிய கண்ணாடி அறை ஒன்று இருந்தது என்பாய். அதற்குள்தான் மரபணு மாற்றிய நாற்றுகளைச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்த அறையைப் பற்றிப் பேசும்போது உன் குரல், பிள்ளை பெற்றவள் தொட்டிலைப் பற்றிப் பேசுவது போல ஆகிவிடும். எனக்கோ அதில் நம்பிக்கையே இல்லை. சாமி படைத்த விதையில் மனுஷன் கை வைக்கலாமா என்று கேட்பேன். நீ சிரிப்பாய்.

"நீ சாப்பிடற அரிசியே மனுஷன் பொறுக்கிப் பொறுக்கி மாத்தினதுதான் லா. காட்டு நெல்லைக் கொண்டாந்து குடுத்தா நீ குருவிக்குப் போட்டுடுவே. சரி, உன் பந்தல்ல அடுப்பு எத்தனை?"

"மூணு."

"நீ பொறுப்பு எடுத்தப்பவும் மூணுதானே? அப்போ வரிசை எதுவரைக்கும் நின்னுச்சு, இப்போ எதுவரைக்கும் நிக்குது?"

"இப்போ ரோட்டைத் தாண்டிப் போவுது."

"அவ்வளவுதான். இன்னொரு அடுப்பு வைக்க இடம் இல்ல, சாப்பிட வர்றவங்க கூடிக்கிட்டே போறாங்க. அதே வயல்ல நோய் வராம, வெள்ளத்துல அழுகாம கொஞ்சம் கூடுதலா விளையட்டும்னுதான் நாங்க மண்டையை உடைச்சுக்கறோம்."

நான் விடுவேனா? "விதையைக் கம்பெனிக்காரன் கையில குடுத்துட்டா, ஒவ்வொரு போகத்துக்கும் விவசாயி அவன் வாசல்ல போய் நிக்கணுமே?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் நீ சிரிக்கவில்லை. "இது நல்ல கேள்வி, தலைவி. எனக்கும் உறுத்துது. இதைக் கேக்கறத விடாதே" என்றாய். இது ஒன்று வந்துவிட்டால் உலகத்தில் பசியே இருக்காது என்று சொல்கிறவர்களையும் நம்பாதே என்று சேர்த்துச் சொன்னாய். எதிராளிக்கும் கொஞ்சம் இடம் விட்டே பேசுகிற அந்தக் குணம் எனக்கு எரிச்சலாக இருக்கும். சண்டை என்றால் சண்டையாக இருக்க வேண்டாமா?

பிறகு எனக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரை போதாமல் இன்சுலின் என்றார்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலை வேலையோடு குடும்பமாகிவிட்டான், எனக்கு ஊசியைக் கண்டாலே பயம். நீதான் தினமும் காலை ஆறரைக்கு ஒரு மாடி இறங்கி வந்தாய். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியை வயிற்றில் ஒரு நாள் வலது பக்கம், ஒரு நாள் இடது பக்கம் குத்தி, மருந்து இறங்கும் வரை பத்து எண்ணுவாய். "கண்ணை மூடிக்க. ஒண்ணு, ரெண்டு..." ஏழுக்கு வரும்போது வேண்டுமென்றே நிறுத்தி, "அப்புறம் என்ன வரும்?" என்று கேட்பாய். நான் திட்டுவேன்.

இனி அந்த நாளுக்கு வர வேண்டும்.

என் மகன் குழந்தை பிறந்த வேண்டுதலுக்காக முதல் முறை காவடி எடுத்த வருஷம் அது. நாற்பத்தெட்டு நாள் விரதம். தண்ணீர்மலைக் கோயிலில் காவடியை இறக்கிவிட்டு நேரே நம் பந்தலுக்கு வந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. காலையில் பொருள் ஏற்றி வந்த வேனுக்குள் வைத்து எனக்கு ஊசி போட்டாய். பேனாவை உன் நீலக் குளிர்பைக்குள் வைத்து மூடினாய். பிறகு இருவரும் சேர்ந்து இரண்டு அண்டா தவுக்குவா சம்பால் செய்தோம். தவுக்குவா எல்லா வருஷமும் போல உன் உபயம். பெலாச்சான் என்கிற இறால் விழுது போடாத சைவச் சம்பாலுக்கு அப்படி ஒரு ருசி எப்படி வருகிறது என்று அக்கம்பக்கத்துப் பந்தல்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். கமிட்டிச் செயலாளர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, இதக் கேளுங்க." வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் குரல். இப்போது வருகிற சோயாவில் மீனின் ஜீனைச் சேர்த்துவிட்டார்கள், விரதக்காரர்கள் தொட்டாலே விரதம் போச்சு என்று. மகன் இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவான்.

நீ கரண்டியை வைத்துவிட்டு வந்தாய். "மீன் எல்லாம் கிடையாது. தக்காளியில ஒரு காலத்துல முயற்சி பண்ணிப் பாத்தாங்க, அது கடைக்கே வரல. சோயாவுல மாத்தினது வேற. களைக்கொல்லி மருந்துக்குச் செடி சாகாம இருக்க, மண்ணுல இருக்கற ஒரு கிருமியோட குணத்தை வச்சிருக்காங்க. அதனால மருந்து அதிகமா அடிக்கிறாங்கன்னு ஒரு சண்டை இருக்கு, அது நியாயமான சண்டை. ஆனா இதுல மீன் இல்ல. மீனைத் தேடணும்னா உங்க வீட்டுப் பெலாச்சான்ல தேடுங்க."

செயலாளர்கூடச் சிரித்துவிட்டார். நான்தான் சிரிக்கவில்லை. நீ சொன்னதில் ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்போ மாத்தினதுதானே? தெரிஞ்சே இத்தன வருஷமா வாங்கிக் குடுத்தியா?"

"தெரியும். சுத்தமான சாப்பாடுன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்."

உன்னால் ஒரு பொய் சொல்லியிருக்க முடியும். தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் அடங்கியிருப்பேன். நீ சொல்லவில்லை. அடுப்படியில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் கத்தினேன். "உன் லேப் அழுக்கையெல்லாம் முருகன் சாப்பாட்டுல கொண்டாந்து போடாதே. என் பிள்ளை விரதத்தைக் கெடுக்கவா வந்தே?" இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

நீ பதில் சொல்ல வாயைத் திறந்தாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் பார்வை வேன் பக்கம் போனது, அந்த நீலப் பையில் ஒரு கணம் நின்றது, திரும்ப என்னிடம் வந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டாய். "சரி. உன் அடுப்பு, உன் முடிவு" என்றாய். பேச ஒன்றும் இல்லாமல் தோற்றுப்போய்விட்டாய் என்று நான் நினைத்தேன். கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

இரண்டு அண்டாவையும் பின்பக்கம் லோங்காங்கில் ஊற்றச் சொன்னேன். சாக்கடை முழுக்கச் சிவப்பாக எண்ணெய் மிதந்தது. காலி அண்டாக்களை நீ இழுத்துப் போட்டுத் தேய்த்துக் கழுவினாய். யாரும் உன்னைக் கழுவச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வரிசைக்கு வெறும் சோறும் ரசமும் மோரும்தான். மூன்று பிள்ளைகளோடு ஒரு பெண் வந்தாள். போன வருஷமும் வந்தவள். "சம்பால் முடிஞ்சிருச்சாக்கா? பிள்ளைங்க அதுக்குத்தான் இவ்வளவு தூரம் நடந்துச்சுங்க" என்றாள். முடிந்துவிட்டது என்றேன். பின்னாலிருந்து வாடை மூக்கைத் துளைக்கிறது, நான் முடிந்துவிட்டது என்கிறேன். அவள் ரசச் சோற்றை வாங்கிக்கொண்டு போனாள். கடைசியில் சோறும் போதவில்லை, வரிசையின் வால் பசியோடுதான் கலைந்தது.

மகன் வந்தான். தட்டைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா சம்பால்?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். "அம்மா, நாப்பத்தெட்டு நாளும் நான் தவுக்குவாதானே சாப்பிட்டேன்" என்றான். நீ அப்போது அண்டாவைக் கவிழ்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தாய். காதில் விழுந்திருக்கும். நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுவும் எனக்குக் கோபமாக வந்தது.

மறுநாள் நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். ஆறரைக்குக் கதவைத் தட்டினாய். "இன்னைக்கு இடது பக்கம்" என்றாய். பத்து எண்ணினாய், ஏழில் நிறுத்தவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் பழையபடி ஏழில் நின்றாய். நான் திட்டினேன். சமாதானமாகிவிட்டது என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

ஆனால் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பந்தலில் அதற்குப் பிறகு உருளைக்கிழங்குதான். நீ உருளைக்கிழங்கை வாங்கிக் கொடுத்தாய். நடுவில் கொஞ்ச காலம் உள்ளூர் அரிசி கடையில் கிடைக்காமல் போனதே, ஆளுக்கு இத்தனை பைதான் என்று எழுதி ஒட்டியிருந்த கடைக்கு வெளியே நாம் வெயிலில் நின்றோம். நீ வாய் திறந்து குத்திக்காட்டுவாய் என்று நான் காத்திருந்தேன். நீ வரிசையை எட்டிப் பார்த்துவிட்டு, "கால் வலிச்சா போய் உக்காரு, உன் இடத்துலயும் நான் நிக்கறேன்" என்றாய்.

போன புரட்டாசியில் ஒரு புதன்கிழமை ஆறரைக்கு நீ வரவில்லை. பேனாவை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு ஆனது. பசி வேறு. வரட்டும், இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். கதவு தட்டியது. திறந்தால் உன் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நானே ஊசி போட்டுக்கொள்ளக் கற்க வேண்டியிருந்தது. கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு மலாய்ப் பெண் சொல்லிக் கொடுத்தாள், நம் பிள்ளைகள் வயதுதான். எனக்குப் பக்கத்தில் ஒரு மலாய்ப் பெரியவர், அவருக்கும் அன்றுதான் இன்சுலின் ஆரம்பம். தயங்கித் தயங்கி, இது பன்றியிலிருந்து எடுத்ததா என்று கேட்டார். அவள் பொறுமையாகச் சொன்னாள். முன்காலத்தில் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்களாம். இப்போது நுண்கிருமிகளின் மரபணுவை மாற்றி, அவற்றைக்கொண்டே மனித இன்சுலினைச் செய்கிறார்களாம். பெரியவர் முகம் தெளிந்துவிட்டது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

"என்னோடதுமா?" என்று கேட்டேன்.

"ஆமா ஆன்ட்டி. இது நான் பிறக்கறதுக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான்" என்று மலாயில் சொன்னாள்.

கையிலிருந்த ஊசிப் பேனாவைப் பார்த்தேன். அந்த நீலப் பை. நீ பார்த்தாயே, வாயைத் திறந்து மூடினாயே, அது தோல்வி இல்லை. அன்று காலை உன் கையால் எனக்குள் ஏற்றியது எது என்று உனக்குத் தெரியும். ஒரு வரி சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னால் என் வாய் அடைத்துப்போயிருக்கும். அதுவும் எப்பேர்ப்பட்ட வரி! சைவம், சுத்தம் என்று குதித்த எனக்கு மாட்டுக் கணையம் தேவையில்லாமல் போனதே அந்த மரபணு மாற்றத்தால்தான். நீ எவ்வளவு ரசித்துச் சொல்லியிருப்பாய்.

நேரே ஏழாம் மாடிக்குப் போனேன். உன் வீட்டுக்காரரிடம், "அண்ணே, அவளுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டேன். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

"அன்னைக்குப் பந்தல்ல இருந்து வந்து அழுதுக்கிட்டே சொன்னாம்மா. அதை அங்கேயே சொல்ல வேண்டியதுதானேன்னு நான்கூட கேட்டேன். 'சொல்லியிருந்தா அவ இருந்த கோவத்துக்கு ஊசியையும் லோங்காங்ல போட்டிருப்பா. சம்பால் போனா போவட்டும், அவ இருக்கட்டும்'னா."

நீ சொன்னது சரி. நான் போட்டிருப்பேன். பிள்ளையின் விரதம், முருகன், பிடிவாதம் எல்லாம் சேர்ந்து நான் அன்றைக்கு எதையும் போட்டிருப்பேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், கணவனை இழந்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. உன் வீட்டுக்காரர் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார், சர்க்கரை இல்லாமல்.

அதனால்தான் இந்த வருஷம் தவுக்குவா. நேற்று வரிசையில் மஞ்சள் சேலையில் பால்குடம் எடுத்த ஒரு பெண், அண்டாவைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "அக்கா, இதுல மீன் ஜீன் இருக்குன்னு சொல்றாங்களே?" என்று கேட்டாள். ஃபோனில் அந்தக் குரல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது போல. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"மீன் இல்லம்மா. ஆனா ஜீன் மாத்தின சோயாவா இருக்கும். நான் காலையில போட்டுக்கிட்ட இன்சுலினும் அப்படிச் செஞ்சதுதான். அது இல்லன்னா நான் இங்க நின்னு உனக்குப் பரிமாற முடியாது. இது தெரியாம ஒரு வருஷம் ரெண்டு அண்டாவ லோங்காங்ல ஊத்தினேன், என் கூட்டாளியையும் கண்டபடி பேசினேன். வேணுமா வேணாமான்னு நீ சொல்லு. எதுவானாலும் தப்பில்ல."

அன்று நான் கத்தியதைவிடச் சத்தமாகவே சொன்னேன். அன்றைக்கு இருந்தவர்களில் பாதிப் பேராவது நேற்றும் அடுப்படியில் இருந்தார்கள்.

அந்தப் பெண் யோசித்தாள். "எனக்கு ரசம் போதும்க்கா" என்றாள். ரசம் ஊற்றினேன். வற்புறுத்தவில்லை, நீ யாரையும் வற்புறுத்தியதில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவர் தட்டை நீட்டி, "எனக்கு ரெண்டு கரண்டி போடுங்கக்கா" என்றார். இரண்டு மணிக்கெல்லாம் இரண்டு அண்டாவும் காலி. அந்த மூன்று பிள்ளைகளோடு வந்தவளைத் தேடிக்கொண்டே இருந்தேன், வரவில்லை. அண்டாக்களை நானே கழுவினேன். அடி பிடித்திருந்த இடத்தைச் சுரண்டும்போதுதான் தெரிந்தது, அன்று உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று.

விதை யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வியை நான் இன்னும் விடவில்லை. நீ விடாதே என்றாய். உன் நிலையத்துக் கண்ணாடி அறையில் அந்த நெல் என்ன ஆனதோ, விசாரிக்க வேண்டும்.

இன்று காலை ஆறரைக்கு ஊசிப் பேனாவை எடுத்தேன். கையில் சம்பால் வாடை, மருந்து வாடை இரண்டும். கண்ணை மூடிக்கொண்டு உன் குரலில்தான் எண்ணுகிறேன். ஏழு வந்ததும் நிறுத்தினேன். அப்புறம் என்ன வரும் என்று கேட்க யாருமில்லை. என்னை மன்னித்துவிடு என்று சொல்லிவிட்டு, எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணி முடித்தேன்.